மலையைக் காட்ட பதினைந்து அடி பிலிம்

கதை எந்த ஊரில் நடக்கிறது என்பதை முதலிலேயே காட்டிவிடுவது எஸ்டாபிளிஷிங் ஷாட். ஸ்டுடியோக்கள் கோலோச்சிய காலத்தில் தமிழ்ப் படங்களின் ஊரும் மலையும் பல நேரம் திரைச்சீலையில் தீட்டிய ஓவியம்தான். 1977-இல் வந்த '16 வயதினிலே' நிஜக் கிராமத்தின் மண்ணையும் வெயிலையும் காட்டியபோது ரசிகர்கள் சொக்கிப்போனார்கள்.

பிலிமில் எடுத்த அன்றைய திரைப்பட மாணவர்களுக்கு அந்த வெயில் விலை உயர்ந்தது. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மலையைப் பத்து விநாடி காட்ட 15 அடி. பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா என்று தெரியாது. ஆகவே, வெளிச்சத்துக்குக் காத்திருப்பதே முதல் பாடம். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஆபாவாணன், அரவிந்தராஜ் அணி 1986-இல் 'ஊமை விழிகள்' படத்தைச் சினிமாஸ்கோப்பில் எடுத்து, பரந்த நிலத்தைத் திரை நிறையக் காட்டியது. துணிச்சலான வேலை அது!

இன்று செல்போனே கேமரா. கள்ளக்குறிச்சி மாணவர்களுக்குக் கல்வராயன் மலை மேற்கே நிற்கிறது. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணைக் கரையில் நின்றால் காலை வெயில் மலைமுகத்தில் நேராக விழும், மடிப்புகள் தெளியும். மாலையில் அதே மலை வெறும் கருங்கோடு.

மலையிலுள்ள மேகம், பெரியார் அருவிகளை மட்டும் எடுத்தால் போதாது. 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்ட மலை இது. மரவள்ளிக் காடும் மலையாளிப் பழங்குடியினரின் வீடுகளும் சட்டகத்துக்குள் வரவேண்டும்.