காரைக்குடியும் கல்லூரி ஆசிரியர் பயிற்சியும்

கல்லூரி, பல்கலைக்கழக வகுப்புகளில் பாடம் எடுக்கத் தொடங்கும் இளநிலை ஆசிரியர்களுக்கும், செய்முறை வகுப்புகளிலும் சிறுகுழு வகுப்புகளிலும் உதவும் ஆய்வு மாணவர்களுக்கும் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தருவதே கல்லூரி ஆசிரியர் பயிற்சி. தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியருக்கான பயிற்சி நிறுவனம் 1856ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. கல்லூரி ஆசிரியருக்கான நிலையான பயிற்சி அமைப்பு 1987ஆம் ஆண்டில்தான் வந்தது. இடைப்பட்ட 131 ஆண்டுகளில் கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் வகுப்பறையிலேயே தாமாகக் கற்றுக்கொண்டார்கள். கலைக் கல்லூரியும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் ஒரே கொடையாளரால் மூன்றாண்டு இடைவெளியில் அமைக்கப்பட்ட காரைக்குடியில் இந்த முரண் தெளிவாகத் தெரிகிறது.

சட்டாம்பிள்ளை முறை

மூத்த மாணவர் இளைய மாணவருக்குப் பாடம் சொல்லும் வழக்கம் தமிழகத்தில் பழையது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்குத் துணையாக இருந்த மாணவர் சட்டாம்பிள்ளை எனப்பட்டார். பிள்ளைகளை வரிசைப்படுத்துவது, பாடம் ஒப்பிக்கச் செய்வது, மணலில் எழுத்துப் பழக்குவது ஆகியவை அவர் வேலைகள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்து, மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். அதைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்ற பெயரில் பரவியது.

உயர்கல்வியிலும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், தாம் மாணவராக இருந்தபோதே பிறருக்குப் பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு இருந்த பயிற்சி இதுவே. குருவின் அருகிலேயே இருந்து, அவர் பாடம் சொல்வதைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகும் முறை அது.

பயிற்சிக் கல்லூரிகளும் கல்லூரி ஆசிரியரும்

1856இல் சென்னை வேப்பேரியில் ஆசிரியர் பயிற்சிக்கான நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. 1887இல் சைதாப்பேட்டைக்கு மாறிய அந்நிறுவனம் பின்னர் ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு வழங்கப்பட்ட எல்.டி. பட்டம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கானது. பிற்காலத்தில் பி.டி., பி.எட். எனப் பெயர் மாறியது.

கல்லூரி ஆசிரியர் இப்பயிற்சியைப் பெறுவது அரிது. குறிப்பிடத்தக்க விதிவிலக்கு சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவத் துறையில் இளநிலைப் பணியில் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டு எல்.டி. பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் உயர்கல்விச் சீர்திருத்தத்துக்கான ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவரும் அவரே.

பெரும்பாலான கல்லூரிகளில் புதிதாக முதுகலை முடித்தவர் டியூட்டராகவோ டெமான்ஸ்ட்ரேட்டராகவோ நியமிக்கப்பட்டார். டியூட்டர் கட்டுரை திருத்துவார், சிறுகுழு வகுப்பு எடுப்பார். டெமான்ஸ்ட்ரேட்டர் ஆய்வகத்தில் செய்முறையைக் காட்டுவார். சில ஆண்டுகள் கழித்து விரிவுரையாளராக உயர்வார். நல்ல பேராசிரியரின் கீழ் பணியாற்றியவருக்கு இக்காலம் உண்மையான பயிற்சியாக அமைந்தது. அந்த வாய்ப்பு அமையாதவருக்கு அது குறைந்த ஊதியத்தில் கூடுதல் வேலையாகவே கழிந்தது.

காரைக்குடிக் கல்லூரிகள்

1947 ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் (1909–1957) அதை ஏற்று, 1947 ஆகஸ்டு 11 அன்று காரைக்குடியில் அழகப்பா கலைக் கல்லூரியைத் தொடங்கினார். 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் 1952இல் பொறியியல் கல்லூரியையும் நிறுவினார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை 1953 ஜனவரியில் திறந்துவைத்தவர், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த இராதாகிருஷ்ணன்.

பயிற்சிக் கல்லூரியில் பாடக் குறிப்பு எழுதுதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல், கேள்வி கேட்கும் முறை, கல்வி உளவியல், வினாத்தாள் அமைத்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. மாணவ ஆசிரியர் பள்ளிக்குச் சென்று வகுப்பு எடுக்க, மேற்பார்வையாளர் பின் வரிசையில் அமர்ந்து குறை நிறைகளைக் குறித்துக் கொடுப்பார். அதே ஊரின் கலைக் கல்லூரியில் சேரும் விரிவுரையாளருக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. முதுகலைப் பட்டம் போதுமானதாக இருந்தது.

பழைய குரு மரபும் இக்கல்லூரியில் தொடர்ந்தது. 1948இல் இங்கு தமிழ்த் துறையில் சேர்ந்து, 1964 முதல் 1970 வரை முதல்வராக இருந்த வ.சுப. மாணிக்கம், மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் கற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே விரிவுரையாளராகப் பணியாற்றிய பின்னர் காரைக்குடிக்கு வந்தார். ஆனால் இத்தகைய தொடர்ச்சி எல்லாத் துறைகளிலும் எல்லா ஆசிரியருக்கும் கிடைக்கக்கூடியது அல்ல.

புகுமுக வகுப்பு காட்டும் முரண்

சென்னை மாநிலத்தில் 1956–57 முதல் இன்டர்மீடியட் வகுப்புக்குப் பதிலாக ஓராண்டுப் புகுமுக வகுப்பு கல்லூரிகளில் நடந்தது. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பதினாறு வயது மாணவர், ஆங்கில வழிப் பாடத்தைப் பெரிய வகுப்பில் முதன்முறையாகக் கேட்டார். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு அந்த ஓராண்டு பெரிய தடையாக இருந்தது. அவ்வகுப்புகளை எடுத்தவர்களில் பலர் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது புகுமுக வகுப்பு நீங்கியது. அதன்பின் ஏறத்தாழ அதே வயது மாணவருக்குப் பாடம் எடுத்தவர் பள்ளியின் முதுகலை ஆசிரியர். அவருக்குக் கல்வியியல் பட்டம் தேவைப்பட்டது. அதாவது, மாணவரின் வயதோ பாடத்தின் கடினமோ ஆசிரியருக்குப் பயிற்சி தேவையா என்பதை முடிவு செய்யவில்லை. வகுப்பு நடந்த இடம் பள்ளியா கல்லூரியா என்பதே முடிவு செய்தது.

ஆணையங்களின் பரிந்துரைகள்

இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948–49) சிறுகுழு வகுப்புகளை வளர்க்க வேண்டும் என்றது. உயர்நிலைப் பள்ளி, இன்டர்மீடியட் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சி நடத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இலட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினர்களில் ஒருவர்.

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்வி ஆணையம் (1964–66) மேலும் தெளிவாகப் பேசியது. புதிதாக நியமிக்கப்படும் விரிவுரையாளர் கல்லூரிச் சூழலுக்குப் பழகச் சிறிது காலம் தர வேண்டும், நல்ல ஆசிரியர்களின் வகுப்புகளில் அமர்ந்து கேட்க அவரை ஊக்குவிக்க வேண்டும், பல்கலைக்கழகந்தோறும் அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென நிலையான கல்லூரி அமைக்கலாம் என்றது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்றல் கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு மையத்தை அமைத்திருந்தது. இந்தியாவில் கோத்தாரி ஆணையத்தின் யோசனை நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1970களில் எம்.பில். பட்டம் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதியாக வளர்ந்தது. சில பல்கலைக்கழகங்கள் அதில் கற்பித்தல் திறன் குறித்த ஒரு தாளையும் சேர்த்தன. எனினும் அது அடிப்படையில் ஆய்வுப் பட்டமே. 1989இல் தொடங்கிய விரிவுரையாளருக்கான தேசியத் தகுதித் தேர்வும் பாட அறிவையும் பொது அறிவுத்திறனையும் எழுத்துத் தேர்வில் சோதித்தது. வகுப்பு எடுத்துக் காட்டுவது அதில் இடம்பெறவில்லை.

கல்விசார் பணியாளர் கல்லூரி

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 1987இல் கல்விசார் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களில் இவை செயல்பட்டன. புதியவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், அனுபவம் உள்ளவர்களுக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. வேறு வேறு ஊர், துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஒன்றாகத் தங்கிப் பழகியது இதன் முக்கியப் பயன்.

இப்பயிற்சிகள் பதவி உயர்வுக்கான நிபந்தனையாக ஆக்கப்பட்டதால் வருகை உறுதியானது. அதே காரணத்தால் பலருக்கு அது சான்றிதழ் பெறும் சடங்காகவும் ஆயிற்று. மேலும், பதவி உயர்வு நிரந்தரப் பணியில் இருப்போருக்கே உரியது. அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்த ஏணி இல்லை. புதியவர்களாக, அதிக வகுப்புகளை எடுப்பவர்களாக உள்ள அவர்களுக்கே பயிற்சி மிகுதியாகத் தேவை.

இம்மையங்கள் 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின.

ஆய்வு மாணவருக்கான விதி

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும் என்றது. இதையொட்டி பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிமுறைகள் எம்.பில். பட்டத்தை நிறுத்தின. முனைவர் பட்ட ஆய்வாளர் எத்துறையினராயினும் தம் பாடம் சார்ந்த கற்பித்தல், எழுத்துப் பயிற்சி பெறுவது கட்டாயமானது. வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளராகச் சிறுகுழு வகுப்பு, ஆய்வகம், மதிப்பீடு ஆகிய பணிகளை அவருக்கு ஒதுக்கலாம் என்றும் விதி கூறுகிறது.

இதன்படி பயிற்சி கட்டாயம், உதவியாளர் பணி விருப்பத்துக்குரியது. வழிகாட்டி உடனிருந்து பார்த்துத் திருத்தினால் இப்பணி பயிற்சியாகும். அவ்வாறு இல்லையெனில், ஆசிரியர் பற்றாக்குறையை ஆய்வு மாணவரைக் கொண்டு ஈடுசெய்யும் வழியாக அது மாறிவிடும்.

1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அழகப்பச் செட்டியார் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி பின்னர் அதன் கல்வியியல் கல்லூரியானது. அறிவியல், மொழித் துறைகளின் ஆய்வு மாணவர்களும், வகுப்பறையில் அமர்ந்து பார்த்துக் குறிப்புத் தரும் முறையை 1950 முதல் கையாண்டுவரும் ஆசிரியர் கல்வி மரபும் இன்று ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ளன. 2022ஆம் ஆண்டின் விதி கேட்கும் பயிற்சிக்கு வேண்டிய அனுபவம் காரைக்குடியில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இருந்துவருகிறது.