எறியப்பட்ட நாடா

போரைப் பழிப்பவர் போர்வீரனையும் பழிப்பவரே என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. ஆங்கிலக் கவிஞர் சீக்ஃப்ரிட் சசூனின் வாழ்க்கை அதனை ஏற்கவில்லை.

1916 மே மாதம், பிரான்சுப் போர்முனையில், துப்பாக்கிச் சூட்டுக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவே ஒன்றரை மணிநேரம் நின்று, காயமுற்ற தோழர்களை மீட்டுக் கொணர்ந்தவர் அவர். 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் இதற்காகவே அளிக்கப்பெற்றது, பகைவரைக் கொன்றதற்கன்று.

மறு ஆண்டு ஜூலையில், தற்காப்புக்கெனத் தொடங்கிய போர் நாடுபிடிக்கும் போராக மாறிவிட்டது என்றும், முடிக்க வல்லவர்களே அதனை வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள் என்றும் அறிக்கை விடுத்தார். நாடாளுமன்றத்திலும் அது படிக்கப்பட்டது. பதக்கம் பெற்றவரைக் கோழை என்று எவ்வாறு ஒதுக்குவது? இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தாமல், நரம்புத் தளர்ச்சி என்று கூறி எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பினர். (அங்கே அவரைக் கவனித்த மருத்துவர் ரிவர்ஸ், நம் நீலகிரித் தோடரைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்ட அதே அறிஞர்தாம்.)

அம்மருத்துவமனையில் அவரைச் சந்தித்த இளங்கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன், போரின் அவலத்தைப் பாடியவாறே களம் திரும்பினார். அதே பதக்கத்துக்குரிய வீரம் காட்டினார். 1918 நவம்பர் 4இல், போர் ஓய ஏழு நாள் இருக்கையில் மாண்டார். சசூனும் தம் படையினரைப் பிரிந்திருக்க மனமின்றி மீண்டும் களம் புகுந்தவரே.

1917இன் அந்தக் கொந்தளிப்பில் அவர் மெர்சி ஆற்று முகத்துவாரத்தில் வீசியெறிந்தது பதக்கத்தின் நாடாவை மட்டுமே. பதக்கம் 2007இல், ஸ்காட்லாந்தின் மல் தீவில் அவர் குடும்பத்தார் வீட்டில் கிடைத்தது.