மரபேடு இழந்த குருமார்

பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார் கி. மு. 586-ஆம் ஆண்டையொட்டி எருசலேமை அழித்தான். அங்கிருந்த கோயிலும் தீக்கிரையாயிற்று. யூதருள் பலர் சிறைப்பட்டுப் பாபிலோன் சென்றனர். அவருள் கோயிற் குருமாரும் இருந்தனர். தமிழ் விவிலியம் இவர்களை ஆசாரியர் என்னும். கோயில் இல்லாத நாட்டில் குருமார்க்குப் பணி ஏது? பலியிட வழியில்லை, காணிக்கையும் இல்லை. ஆரோனின் வழிவந்தோர் என்னும் குடிவழி ஒன்றே அவர்களிடம் எஞ்சியது.

கி. மு. 539-ல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் தாயகம் திரும்பிக் கோயிலை மீண்டும் எழுப்ப அவன் இசைவளித்த செய்தியை எஸ்றா நூல் கூறுகின்றது. அந்நூலின் இரண்டாம் அதிகாரம் திரும்பியோர் பட்டியலாகும். பெயரும் எண்ணுமாக நீளும் அதனைப் பலர் படியாமலே கடந்துவிடுவர். ஊன்றிப் படிப்பார்க்கோ அதில் ஒரு வரலாறு உண்டு.

திரும்பிய குருமார் குடிகள் நான்கு: யெதாயா 973, இம்மேர் 1,052, பஸ்கூர் 1,247, ஆரீம் 1,017, ஆக 4,289 பேர். திரும்பியோர் மொத்தத் தொகை 42,360 என்பதால், ஏறத்தாழப் பத்தில் ஒருவர் குருமார் குடியினர். கோயிலில் துணைப்பணி புரியும் லேவியரோ 74 பேரே. நெகேமியா நூலிலும் இப்பட்டியல் உண்டு. பிற குடிகள் சிலவற்றின் எண்கள் அங்கே வேறுபடினும், இந்நான்கு குடிகளின் எண்கள் சிறிதும் மாறவில்லை.

இவர்களோடு வேறு மூன்று குடியினரும் வந்தனர்: அபாயா, கோஸ், பர்சிலாய் என்போர். இவருள் பர்சிலாய்க் குடியின் முன்னோர், கிலேயாத்தியனான பர்சிலாயின் மகளை மணந்து, பெண்வீட்டார் பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்டவர். தாமும் குருமாரே என்றனர் மூன்று குடியினரும். ஆயின் மரபேட்டில் அவர்தம் பெயர் காணப்படவில்லை. ஆதலின் குருத்துவத்தினின்று விலக்கப்பட்டனர். ஊரீம், தும்மீம் என்பவற்றைக் கொண்டு திருவுளம் அறியவல்ல குரு ஒருவர் தோன்றும்வரை, குருமார்க்குரிய தூய உணவை அவர்கள் உண்ணலாகாது என ஆளுநர் ஆணையிட்டார். சமுதாயத்தினின்று எவரும் அவர்களைத் துரத்தவில்லை. எனினும் பணியும் பிழைப்பும் ஒருங்கே போயின. அயல்நாட்டில் அரை நூற்றாண்டு காத்த உரிமை, ஏடு இன்மையால் தாயகத்தில் நின்றுவிட்டது.

கோயில் கி. மு. 515-ல் கட்டி முடிந்தது. நெகேமியா கி. மு. 445-ல் மதிலைப் புதுப்பித்தபோது உழைத்தவருள் கோசின் மகனாகிய உரியாவின் மகன் மெரெமோத் ஒருவர். எஸ்றா கொணர்ந்த பொன்னையும் வெள்ளியையும் நிறுத்துப் பெற்ற குருவின் பெயரும் உரியாவின் மகன் மெரெமோத் என்பதே. இருவரும் ஒருவரே என்பர் அறிஞர் பலர். அங்ஙனமாயின், விலக்கப்பட்ட மூன்றனுள் கோசின் குடியேனும் இழந்த உரிமையை மீளப் பெற்றது எனலாம்.

குடிப்பெருமை பேசுவதற்கே எழுதிய பட்டியலாயின், இம்மூவர் பெயரும் அதில் இடம்பெற்றிரா. உரிமை நிறுவியோரோடு நிறுவ இயலாதோரையும் காரணத்துடன் குறித்து வைத்தனர் அதனை எழுதியோர். பழைய ஏட்டில் இல்லை என்று தள்ளப்பட்டோரை நாம் இன்று அறிவது, தள்ளியதை எழுதிவைத்த இப்புதிய ஏட்டால்தான்.