காற்றிலும் நமக்குப் பங்கு உண்டு



நம் வரலாற்றை நிலத்தை வைத்தும் கூலியை வைத்தும் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று வீட்டுச் சுவரை வைத்துப் பேசுவோம்.

கறம்பக்குடிப் பக்கத்தில் நம் பாட்டன் பாட்டிகள் வாழ்ந்தது மண்சுவரும் தென்னங்கீற்றும் கொண்ட குடிசையில். அடுப்புப் புகை கீற்றின் இடுக்கு வழியே கசிந்து வெளியேறும். அதற்காக நாம் குடிசையைக் கொண்டாட முடியாது. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் கொளுத்தியது ஒரு குடிசைக்குள்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் கூரைகளைப் பிய்த்து எறிந்தது. தளம் போட்ட வீடு கேட்டது உயிர் பிழைக்கத்தான்.

1974இல் தாட்கோ வந்தது. 1985இல் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம். 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு. இந்திரா குடியிருப்பின் நெறிமுறையில் புகையில்லா அடுப்பும் இருந்தது. தளம் போட்டாயிற்றா என்று கேட்ட நாம், அடுப்பையும் ஜன்னலையும் கேட்க மறந்தோம்.

தீ பயம் குறைந்தது, ஓதம் வந்தது. காலனிக்கென்று ஒதுக்கியது பல இடங்களில் தண்ணீர் தேங்கும் பள்ளம். அடித்தளத்தில் ஓதம் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் செங்கல் வழியே சுவரில் ஏறும். உலை கொதிக்கும் ஆவியும் விறகுப் புகையும் தளத்தைத் தாண்டிப் போகாது. சுவரில் பூஞ்சை படரும். குழந்தைக்கு இளைப்பு வரும். காற்றோட்டமில்லாத அறையில் காசநோய்க் கிருமி நெடுநேரம் மிதக்கும். அடுப்படியில் நாளெல்லாம் நிற்கும் பெண்களே இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அறையின் தரைப்பரப்பில் வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. கதவு கணக்கில் சேராது. 100 சதுர அடி அறைக்கு 10 முதல் 17 சதுர அடி. ஒரே சுவரில் ஜன்னல் இருந்தால் போதாது. காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் மறுபுறம் எங்கே? ஆகவே ஜன்னல் கேட்பதும் நிலம் கேட்பதுதான்.

மாணவத் தோழர்கள் அடுத்தமுறை காலனிக்குப் போகும்போது அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள். ஜன்னலை அளங்கள், சுவரில் ஓதம் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று குறியுங்கள். மேட்டு நிலம், உயர்ந்த அடித்தளம், எதிரெதிர் ஜன்னல், அடுப்புக்குப் புகைபோக்கி: நம் அடுத்த மனுவில் இவை அளவோடு இருக்கட்டும்.