சேலைன் சாப்பாடு ஆகுமா?

வார்டில் ஒருவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால், “சேலைன் ஏத்துறாங்கதானே, அது போதும்” என்று வீட்டாருக்கு ஆறுதல் சொல்வோம். ஆனால் சாதாரண சேலைன் வெறும் உப்புத் தண்ணீர். அதில் ஒரு கலோரிகூட இல்லை. 5 வீத குளுக்கோஸ் ஒரு லீற்றர் ஏற்றினாலும் 200 கலோரிக்குக் குறைவுதான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 தேவை.

வாயால் சாப்பிட முடியாதவரை எப்படி வாழவைப்பது? இது பழைய கேள்வி.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த வைத்தியர் இப்னு ஸுஹ்ர், உணவுக்குழாய் அடைபட்டவருக்கு வெள்ளிக் குழாயால் உணவூட்டுவது பற்றி எழுதினார். 1790இல் லண்டனில் ஜோன் ஹன்டர், விழுங்க முடியாத நோயாளிக்கு விலாங்கு மீன் தோலால் செய்த குழாயை இரைப்பைக்குள் இறக்கினார். அவர் குணமானார்.

குடலே வேலை செய்யாவிட்டால்? 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டுக்கு மாட்டிறைச்சிச் சாறும் முட்டையும் விஸ்கியும் மலவாசல் வழியாகக் கொடுத்தார்கள். பெருங்குடல் உணவை அப்படி உறிஞ்சாது. காயத்தில் தொற்று ஒரு பக்கம், பட்டினி மறுபக்கம். எலும்பும் தோலுமாகி, 79 நாட்களின் பின் இறந்தார்.

இரத்த நாளத்தின் வழியே ஊட்டுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. போதிய சத்துக் கிடைக்க கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியான கரைசல் கையிலுள்ள சிறு நாளங்களைப் புண்ணாக்கிவிடும். ஐதாக்கினால் உடம்பு தாங்காத அளவு தண்ணீர் ஏற்ற வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஸ்டான்லி டட்ரிக் இதற்கு வழி கண்டார். இதயத்துக்கு அருகிலுள்ள பெருநாளத்தில் இரத்தம் வேகமாக ஓடுகிறது. கெட்டியான கரைசல் அங்கே உடனே கலந்து ஐதாகிவிடும். முதலில் நாய்க்குட்டிகளுக்கு இந்த வழியில் மட்டுமே உணவு கொடுத்தார். அவை வழமைபோல் வளர்ந்தன.

1967இல் பிலடெல்பியாவில் சிறுகுடல் ஏறக்குறைய முழுவதுமே இல்லாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பட்டினியால் தேய்ந்துகொண்டிருந்த அந்தக் குழந்தை, நாளத்தின் வழியே கிடைத்த உணவால் எடை கூடி வளர்ந்தது. 22 மாதங்கள் வாழ்ந்தது. அதனிடம் கற்றுக்கொண்டதுதான் பின்னர் குறைமாதத்தில் பிறந்த எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது.

அதே தசாப்தத்தில் சுவீடனின் ஆர்விட் வ்ரெட்லிண்ட், சோயா எண்ணெயைப் பால்போல் கலக்கி நாளத்தில் பாதுகாப்பாக ஏற்றும் முறையைத் தந்தார். இன்று ஐ.சீ.யூ.வில் தொங்கும் அந்த வெள்ளைப் போத்தலின் வரலாறு இது.

ஆனாலும் நாளத்தின் வழியே ஊட்டினால் கிருமித் தொற்றும் ஈரல் பாதிப்பும் வரலாம். அதனால் குடல் வேலை செய்தால் வைத்தியர்கள் முதலில் மூக்குக் குழாயைத்தான் பார்ப்பார்கள். “பார்க்கப் பாவமா இருக்கு, கழட்டிடுங்க” என்று வற்புறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த நோயாளிக்கு அன்றைய சோறு அந்தக் குழாயில்தான் வருகிறது.