இரையும் வேட்டையும் நோயும்

முதல் உலகப்போர்க் காலத்தில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்புத் தளர்ந்தது. ஆயினும், சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டைமீன்களின் விகிதமே மிகுந்தது. காரணம் யாது என்று வினவினார் விலங்கியல் அறிஞர் தாங்கோனா. மீன்பிடிப்புக் குறைந்தால் வேட்டைமீனுக்கே ஆதாயம் என்று 1926இல் இரு சமன்பாடுகளால் விளக்கினார் இத்தாலியக் கணித மேதை வோல்ட்டெரா. மறு ஆண்டே, கண்ணொளி இழந்த கெர்மாக்கும், இந்தியாவில் பணியாற்றிய மக்கென்ட்ரிக்கும் தொற்றுநோய்க்குச் சமன்பாடு வகுத்து, பம்பாய்ப் பிளேக் கணக்கோடு ஒப்பிட்டனர்.

இவ்விரண்டையும் நான் நெடுங்காலம் தனித்தனியாகவே எண்ணியிருந்தேன். அமெரிக்காவின் ஐல் ராயல் தீவு என்னைத் திருத்தியது. அங்கே 1980இல் ஓநாய்கள் 50. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் புகுந்தபின், 1982இல் 14. அதனால் மூஸ் மான்கள் பெருகின, தழை அருகியது, 1996இல் கடுங்குளிரிலும் பட்டினியிலும் அவையும் பெருந்தொகையாக மடிந்தன. கண்ணுக்குப் புலனாகாத கிருமியை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, விடையில் பிழைபடும்.