கைத்தொழிலும் கல்வியும்: ஆரியநாயகம் காட்டிய வழி

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் மொழி. ஏட்டை வெறுத்து அவர்கள் இதனைச் சொல்லவில்லை. ஏட்டிற் கற்றது வாழ்வில் வந்து உதவவேண்டும் என்பதே அவர்தம் கருத்து. அன்றாட வாழ்வுக்கு வேண்டிய திறன்களை மாணவர் செய்து பழகிக் கற்கவேண்டும் என்று இக்காலத்தார் பேசுகின்றனர். இந்த எண்ணத்திற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இலங்கைத் தமிழர் ஒருவருக்குச் சிறந்த இடமும் உண்டு.

முதலில் நம் தோட்டத்துக் கதையைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் காலத்தில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவரை விட்டுவிடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் அவரை ஏற்றுக்கொள்ளும்; கடனும் அவரோடு கூடவே செல்லும். எழுத்தறியாத ஒருவர் தம் தலைமேல் எவ்வளவு கடன் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பிறர் சொல்லித்தான் அறியவேண்டும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. ஒரு சீட்டை வாசிக்கத் தெரிவதே எத்துணை பெரிய வாழ்க்கைத் திறன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்தியது. ஆனால் லயத்துப் பள்ளியில் எழுத்தும் கூட்டலும் கற்ற பிள்ளை வெகு விரைவில் கொழுந்துக் கூடையைத் தூக்கியது. அல்லது இறப்பர்ப் பால் வாளியைத் தூக்கியது. ஆகவே நம் பிள்ளைகளுக்குக் கைவேலைப் பயிற்சி ஒருநாளும் குறைவாக இருந்ததில்லை. அந்த வேலைக்குள் இருக்கும் அறிவைத்தான் எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த அறிவை எடுத்துக் கொடுக்கும் முறையொன்று இந்தியாவில் பிறந்தது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23ஆம் நாட்களில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடியது. தாய்மொழி வாயிலாக, ஏழாண்டுக் கல்வியை, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்துக் கற்பிக்கவேண்டும் என்பது அதன் முடிவு. திட்டம் வகுக்க டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழுவின் அமைப்பாளர் ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். இவர் இலங்கைத் தமிழர். கவி தாகூரின் செயலாளராகப் பணிபுரிந்து 1930இல் அவருடன் ருசிய நாடு சென்று வந்தவர். 1938இல் இத்திட்டத்தை நடத்த எழுந்த இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராகித் தம் துணைவியார் ஆஷா தேவியுடன் சேவாக்கிராமத்தில் பல்லாண்டுகள் உழைத்தார்.

அங்கே பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றனர். நூற்ற நூலை அளந்தபோது கணக்கு வந்தது. பஞ்சு எந்த மண்ணில் விளைகிறது என்று கேட்டபோது பூகோளம் வந்தது. ஊர்த் தறிகள் ஏன் ஓய்ந்தன என்று கேட்டபோது சரித்திரம் வந்தது. சமையல், தோட்டம், துப்புரவு யாவும் அவ்வாறே பாடங்களாயின. கை செய்தது, மனம் "ஏன்" என்று கேட்டது. இதுவே ஆதாரக் கல்வியின் உயிர்நாடி.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. பள்ளிக்கூடம் தொழிற்சாலையாகிவிடுமே என்று பலர் அஞ்சினர். வரும்படியைப் பெரிதாக எண்ணிக் கல்வியை மறந்துவிடலாகாது என்று குழுவின் அறிக்கையே எச்சரித்தது. நம் நாட்டிலும் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கியது. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், எம் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று கிராமத்தார் ஐயுற்றனர். சென்னை மாகாணத்தில் 1953இல் ராஜாஜி கொணர்ந்த திட்டம் கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது; மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. மக்கள் அதனைக் "குலக்கல்வி" என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இலங்கையில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பள்ளிகளிற் புகுத்தியது. 1977இல் ஆட்சி மாறிய பின் அவையும் மறைந்தன.

இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு அதன் பொருள் நன்றாகப் புரியும். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் கைத்தொழில், வசதி படைத்த பிள்ளைக்கு மட்டும் புத்தகம் என்று பிரித்தால் அத்திறன் விலங்காகும். எல்லாப் பிள்ளைகளும் செய்து, எல்லாப் பிள்ளைகளும் காரணம் அறிந்து, மேற்படிப்பின் கதவும் திறந்தே இருந்தால் அதே திறன் திறவுகோலாகும். வேறுபாடு தொழிலில் இல்லை; கற்பிக்கும் நோக்கத்தில் இருக்கிறது.

இதனை மாவனல்லையில் எவ்வாறு செய்வது? ஓர் உதாரணம் கூறுவோம். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் நம் அயலிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டு சென்றது. மழையை அளக்கத் தெரிவது இம்மலைநாட்டில் உயிர்காக்கும் திறன். அடிமுதல் ஒரே அகலமுள்ள பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதன் வாயிலேயே புனல் போலச் செருகுங்கள். பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து பிள்ளைகளே குறித்து வைக்கட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150ஐத் தாண்டினால் ஆபத்தான சரிவை விட்டு அகலவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொள்ளும் அளவுகள் இவை. நிலத்திற் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்த அளவுக்கும் காத்திராமல் பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்பதும் பாடத்தின் பகுதியே. கணக்கும் விஞ்ஞானமும் பூகோளமும் ஒரு போத்தலுக்குள் அடங்கிவிட்டன அல்லவா?

அவ்வாறே அப்பாவின் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிந்தது என்று வாசித்தல், வங்கிப் படிவத்தை நிரப்புதல், அரசாங்கக் கந்தோருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதுதல் ஆகியவையும் வகுப்பில் செய்து பழகத் தக்கவை. அன்று துண்டை வாசிக்க இயலாதவரின் பேரப்பிள்ளை இன்று சம்பளச் சீட்டை வாசித்துப் பிழையிருந்தால் கேட்கும் நிலை வரவேண்டும்.

இளைஞர்களே! இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும் பொறுமையும் போதும். மூத்தோரே! உங்கள் கை அறிந்த தொழிலை, அதன் காரணத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த மழைக்காலம் வருமுன் நம் ஊரிலுள்ள ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளையாவது மழையை அளக்கக் கற்றிருக்கட்டும்.